யோகத்துக்கு மட்டும் தெரிந்த இலக்கம்

யோகத்துக்கும் குணசேகரத்துக்கும் கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம். இவ்வளவு காலத்தில் யோகத்துக்குத் தெரிந்து குணசேகரத்துக்குத் தெரியாமல் இருப்பது ஆறு இலக்கத்தில் ஓர் எண் மட்டும்தான். வங்கி அட்டையின் எண், கைத்தொலைபேசியைத் திறக்கிற எண், போன கிழமை இரத்தத்தில் சீனி எவ்வளவு நின்றது என்கிற எண், எல்லாம் அந்த வீட்டில் பொதுச்சொத்து. யோகத்தின் வேட்டைத் துவக்கு பூட்டிக் கிடக்கிற அலுமாரியின் எண் அப்படியில்லை. துவக்கு யாருடைய பெயரில் பதிந்திருக்கிறதோ அவரைத் தவிர வேறொருவரும் அதைத் திறக்க வழி இருக்கக் கூடாது என்பது ஜெர்மன் சட்டம். தாலி கட்டினவர் என்று சட்டம் இரக்கம் பார்ப்பதில்லை.

"என்ர வீட்டில, நான் வாங்கின சுவரில, எனக்குத் திறக்க ஏலாத ஒரு அலுமாரி" என்று குணசேகரம் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எண் கல்யாணத் தேதியாக இருக்குமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. கல்யாணத் தேதியே அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லாததால் யோகத்துக்கு அந்தப் பயமும் இல்லை.

அவர்களுடைய வீடு ஹனோவரிலிருந்து ரயிலில் இருபத்தைந்து நிமிடம் தள்ளிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. யோகம் அந்தக் கிராமத்து உணவகத்தின் நிலவறையில் பதினொரு வருடம் வேலை செய்தவள். உள்ளூர் வேட்டைக்காரர்கள் சுட்டுக் கொண்டுவருகிற தாரா, பெசன்ட் கோழி, காட்டுப்புறா எல்லாவற்றையும் இறகு பிடுங்கி, குடல் எடுத்து, சதைக்குள் பதிந்த சன்னக் குண்டுகளைப் பொறுக்கி மேலே சமையலறைக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து யாரும் தொலைபேசியில் விசாரித்தால் குணசேகரம், "யோகம் ஒரு ஹோட்டலில பெரிய பொறுப்பில இருக்கிறா" என்பார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற யோகத்தின் நகக்கண்ணில் இறகுத் தூவி ஒட்டியிருக்கும்.

பதினொரு வருடம் சன்னம் பொறுக்கினால் சுட்டவனின் குணம் விரலுக்குத் தெரிந்துவிடும். ஒருவருடைய பறவையில் நெஞ்சு முழுக்கச் சன்னம் இருக்கும். பறவை மூக்குக்கு முன்னால் வந்ததும் பதறி அடிக்கிறவர். இன்னொருவருடையதில் காலும் சிறகும் முறிந்திருக்கும், இரத்தம் கட்டி நின்றிருக்கும்; எட்டாத தூரத்துக்குச் சுட்டுப் பார்க்கிறவர். அந்தப் பறவை விழுந்து நெடுநேரம் உயிரோடு கிடந்திருக்கும். ஒரு கார்த்திகை மாதம் அப்படி ஒரு புறா வந்தபோது யோகம் அதை ஒரு தட்டில் வைத்து, ஏப்ரனோடு படியேறிப் போய், விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த எட்டு வேட்டைக்காரர்களின் மேசை நடுவில் வைத்தாள்.

"இது அரை மணித்தியாலம் துடித்துச் செத்திருக்கிறது. யார் சுட்டது?" என்று தன் ஜெர்மனில் கேட்டாள்.

எட்டுப் பேரில் ஒருவர் சிரித்துக்கொண்டு, "அவ்வளவு தெரியுமென்றால் நீயே வந்து சுடேன்" என்றார்.

யோகம் அதை ஓர் அழைப்பாகவே எடுத்துக்கொண்டாள். வேட்டை அனுமதிக்கான யாக்ட்ஷைன் பரீட்சையில் இரண்டு தரம் வாய்மொழித் தேர்வில் விழுந்தாள். மூன்றாம் தரம், நாற்பத்தேழாவது வயதில், பாஸ் பண்ணினாள். அன்றைக்கு மேசையில் சிரிக்காமல் அந்தப் புறாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரே ஆள் பீலிக்ஸ் என்கிற விவசாயி. தன் வயல்களில் சுட அவளுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்ததும் அவன்தான்.

விஷயம் தெரிந்த ஒன்றிரண்டு சொந்தக்காரர் கேட்காமல் விடவில்லை. "துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனீங்கள்?"

"ஓடி வந்தது மற்றவன்ர கையில இருந்த துவக்குக்கு" என்பாள் யோகம். "இது என்ர கையில கிடக்கு. வித்தியாசம் விளங்கேல்லை எண்டால் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

இப்படிப்பட்டவளிடம்தான் அந்த மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டு நேரத்தில், குணசேகரம் தொடங்கினார்.

"இண்டைக்கு ஒரு நாள் போகாமல் விட்டால் என்ன யோகம்?"

அன்று டோர்ட்மண்டிலிருந்து மகாதேவியும் அவருடைய கணவர் ஞானசுந்தரமும் வருவதாக இருந்தது. அவர்களுடைய மகன் தாரகனும் யோகத்தின் மகள் கவிசாவும் இரண்டு வருடமாக விரும்பிப் பழகுகிறார்கள். தாரகன் ஆஸ்பத்திரியில் ஆண் தாதி. அன்று அவனுக்குப் பின்னேர வேலை. பெரியவர்கள் முதலில் பேசி முடிக்கட்டும் என்று ஏற்பாடு. மகாதேவி தலை அசைத்துத் தட்டுக் கொடுத்தால் கல்யாணம். கொடுக்காவிட்டாலும் பிள்ளைகள் போய்ப் பதிவு எழுதலாம்தான். ஆனால் தாயை மீறிக் கட்டினவள் என்ற பெயரோடு அந்த வீட்டுக்குப் போகக் கவிசாவுக்கு விருப்பமில்லை. மகாதேவி சுத்த சைவம். வெள்ளிக்கிழமைகளில் கோயில் மடைப்பள்ளியில் நிற்கிறவர். எறும்பு மருந்து போடுவதற்கே யோசிப்பவர் என்று கேள்வி.

"செவ்வாய்க்கிழமையோட சீசன் முடியுது" என்றாள் யோகம். "பீலிக்ஸின்ர பட்டாணி முளைச்சு நாலு நாள். புறா இறங்கினா ஒரு கிழமையில வெறும் மண். வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"பீலிக்ஸ் என்ன, உம்மட மகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கப் போறானோ?"

"அவை ஏழு மணிக்குத்தானே வருவினம்? நான் ஆறரைக்கு வெளிக்கிட்டு வந்திடுவன். சமையல் முழுக்க முடிஞ்சுது. வடை சுடுறது மட்டும்தான் மிச்சம்."

ஏழு மணி என்பது குணசேகரம் குறித்த நேரம். சுவரில் தொங்கும் யாழ்ப்பாணத்து நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரை தொடக்கம் ஆறு. ஆறு கழிந்து, பாதுகாப்புக்கு இன்னுமொரு மணித்தியாலமும் விட்டு அவர் நேரம் சொல்லியிருந்தார்.

"சரி, போம். ஆனா அவை கேட்டால், நடக்கப் போனனான் எண்டு சொல்லும்."

"ஏன்? நடக்கிறவை கார் டிக்கியில புறாவோடயே வாறவை?"

அப்போதுதான் கவிசா, கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். "அம்மா, இண்டைக்கு மட்டும் சொல்லாதேங்கோ. கல்யாணம் முடியட்டும். பிறகு நானே அன்ரிக்குச் சொல்லுறன்."

புருஷன் மறைப்பது யோகத்துக்குப் பழகிய விஷயம். அந்த மனிதர் தன் கொலஸ்ட்ரோலைக்கூட மறைக்கிறவர். ஆனால் இதே கவிசா இரண்டாம் வகுப்பில், அம்மா என்ன வேலை என்று ஆசிரியை கேட்டபோது, "என்ர அம்மா எட்டு நிமிசத்தில ஒரு தாராவை உரிப்பா" என்று எழுந்து நின்று சொன்ன பிள்ளை.

"நானாச் சொல்லமாட்டன்" என்றாள் யோகம். "கேட்டால் பொய்யும் சொல்லமாட்டன்."

மூன்றரைக்குத் துவக்கு உறையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

*

அன்று அதிகாலைதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அதனால் பின்னேரம் திடீரென்று நீண்டுபோய், அவசரமில்லாத ஒரு வெளிச்சம் வயல்மேல் கிடந்தது. வேலியோரம் முள்மரங்கள் இலை விடுவதற்கு முன்னமே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. பட்டாணி வரிசைகள் விரற்கடை உயரத்தில், சீப்பால் வாரிவிட்டது மாதிரி, தூரத்துக் காற்றாலைகள் வரைக்கும் போயின. மண்ணிலிருந்து குளிரும் வாசமும் சேர்ந்து எழும்பிக்கொண்டிருந்தன.

யோகமும் பீலிக்ஸும் முள்வேலிக்கு முன்னால் பச்சைவலை கட்டி, அதற்குள் ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முப்பது அடி தள்ளி வயலில் பிளாஸ்டிக் புறாக்கள் பத்து, மேய்கிற பாவனையில் நின்றன. மேலே பறக்கிற கூட்டம் அதைப் பார்த்து, சாப்பாடு இருக்கிறது என்று நம்பி இறங்க வேண்டும். பீலிக்ஸின் நாய் பெல்லா யோகத்தின் சப்பாத்தில் நாடியை வைத்துப் படுத்திருந்தது. யோகம் போத்தலிலிருந்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வரும்போது அள்ளிக்கொண்டு வந்த மிக்ஸர் பொட்டலத்தைப் பீலிக்ஸ் தானே கேட்டு வாங்கி, கடலையை மட்டும் பொறுக்கித் தின்றான்.

"உன் சம்பந்திக்காரர் இன்றைக்கு வருகிறார்கள் இல்லையா?" என்றான்.

"ஏழு மணிக்கு."

"பயமாக இருக்கிறதா?"

"பரீட்சைக்கு மூன்று தரம் போனவள் நான். நீ முழுக் கடலையையும் தின்னாதே."

வானம்பாடி ஒன்று கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் நின்று, மூச்சு விடாமல் பாடியது. இரண்டு முயல்கள் வயல் நடுவில் முன்னங்காலால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. பிறகு மேற்கிலிருந்து ஒரு சத்தம், துருப்பிடித்த நூறு கதவுகள் ஒன்றாகத் திறக்கிற மாதிரி வந்தது. கொக்குகள். பெரிய சாம்பல் கொக்குகள் கோணல் வரிசையில், வடக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. இருவரும் வலையை விட்டு வெளியே வந்து, கடைசிக் கொக்கு மறையும் வரை அண்ணாந்து நின்றார்கள். துவக்கு இரண்டாக மடிந்து, தோட்டா இல்லாமல் யோகத்தின் முழங்கையில் தொங்கியது. ஒன்றுமே சுடாத ஒன்றரை மணித்தியாலம். அதைப் பற்றி இருவருக்கும் எந்த மனக்குறையும் இல்லை.

ஒரு சோடிப் புறா வந்தது. கழுத்தில் வெள்ளை வளையம். ஆண் புறா மேலே ஏறிச் சிறகைப் படபடவென்று தட்டி, பிறகு சறுக்கி இறங்கியது. மறுபடி ஏறியது. கைக்கெட்டும் தூரம் என்று சொல்லலாம். யோகம் துவக்கைத் தொடவில்லை. இந்தக் கிழமைகளில் வயலில் கூட்டமாக இறங்குகிற புறாவை மட்டும்தான் சுடலாம். தனியாக, சோடியாக வருகிறதைத் தொடக் கூடாது.

"பெண் பார்க்க வந்திருக்கினம்" என்று தமிழில் முணுமுணுத்தாள்.

"என்ன?"

"ஒன்றுமில்லை. அவர்களுடைய வீட்டு விஷயம்."

ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கைத்தொலைபேசி சட்டைப் பைக்குள் அதிர்ந்தது. கவிசா. குரலை விழுங்கிக்கொண்டு கதைத்தாள்.

"அம்மா, அவை வந்திட்டினம்."

"ஏழு மணிக்கெல்லோ?"

"அப்பா பாத்தது யாழ்ப்பாணத்து ராகு காலமாம். டோர்ட்மண்ட் ஐயர் இஞ்சத்தைச் சூரியனுக்குக் கணக்குப் பாத்துக் குடுத்தவராம். இஞ்ச ஆறு பத்துக்குத்தான் தொடங்குதாம், ஏழே முக்காலுக்குத்தான் முடியுமாம். அதுக்கு முதல் வாசல்படி ஏறவேணும் எண்டு அன்ரி அங்கிளை நூற்றி எழுபதில ஓடவைச்சுக் கொண்டுவந்திருக்கிறா."

"சரி, தேத்தண்ணி குடு. வாறன்."

"அது இல்லை அம்மா. நீங்கள் போன பிறகு அப்பா ஒரு வேலை செய்தவர். துவக்கு அலுமாரியைப் பட்டு வேட்டியால மூடி, மேல பிள்ளையார் படத்தை வைச்சு, மாலை போட்டு, பற்றறி விளக்குக் கொளுத்தி வைச்சிட்டார். சாமி அலுமாரி மாதிரி."

யோகம் கண்ணை மூடிக்கொண்டாள். "பிறகு?"

"அன்ரி நேரா அங்கதான் போனவ. தட்டை அதுக்கு முன்னால வைச்சு, இருந்து தேவாரம் பாடினவ. முடிய, தட்டை உள்ளுக்கு மூலையில வைப்பம், திறவுங்கோ எண்டு கேட்டவ. அப்பா திறப்பைக் காணேல்லை எண்டவர்."

"அதுக்குத் திறப்பே இல்லையே."

"அன்ரியும் வேட்டியை விலத்திப் பாத்திட்டு அதைத்தான் சொன்னவ. இதென்ன, நம்பர் அடிக்கிற சாமி அலுமாரி எண்டு."

"கொப்பர் என்ன சொன்னார்?"

"சாமிக்குப் போடுற நகை உள்ளுக்கு இருக்காம். நம்பர் உங்களுக்குத்தான் தெரியுமாம்."

யோகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியதைப் பார்த்துப் பெல்லா தலையைத் தூக்கியது. அந்த நேரம் பீலிக்ஸ் அவள் முழங்கையைத் தொட்டு, கிழக்குக் காட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினான். காட்டின் விளிம்பிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் கிளம்பி வந்துகொண்டிருந்தது. ஐம்பது இருக்கும், அதற்கு மேலும் இருக்கும்.

"சிரிக்காதேங்கோ அம்மா. எப்ப வருவியள்?"

"ஆறரைக்கு எண்டால் ஆறரைக்குத்தான் வெளிக்கிடுவன். பிள்ளை, வை. புறா வருது."

தோட்டா இரண்டையும் போட்டுத் துவக்கை மூடினாள். கூட்டம் ஒரு வட்டம் சுற்றியது. பிளாஸ்டிக் புறாக்களைப் பார்த்தது, சிறகை விரித்து, காலை நீட்டி, பட்டாணியில் இறங்கத் தொடங்கியது. யோகம் எழுந்தாள். ஒன்று. இன்னொன்று. பீலிக்ஸ் பக்கத்திலும் இரண்டு வெடி. கூட்டம் சிதறி, காற்றாலைப் பக்கம் போய், பத்து நிமிடத்தில் மறுபடி வந்தது. மறுபடியும். ஆறரை ஆனபோது யோகத்துக்கு ஏழு, பீலிக்ஸுக்கு நாலு. பெல்லா ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து வைத்தது.

புற்றரையில் பதினொன்றையும் வரிசையாகக் கிடத்தினார்கள். கிடத்தின வேட்டையைக் கடந்து காலெடுத்து வைக்கக் கூடாது என்பது இந்த நாட்டு வேட்டைக்காரர் வழக்கம். யோகத்துக்கு அதை ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டைக் கடந்து கால் வைத்தால் அவள் தாய் சிரட்டை அகப்பையால் அடித்திருப்பார். அவள் ஒவ்வொரு புறாவின் நெஞ்சுத் தூவியையும் விரலால் விலக்கிப் பார்த்தாள். தன்னுடைய ஏழும் சுத்தம். பீலிக்ஸுடையதில் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"இது கொஞ்சம் தூரம்."

"தெரியும்" என்றான் பீலிக்ஸ். பிறகு, கூட்டம் வராத இடைவெளியில் அவள் சொல்லியிருந்த வீட்டுக் கதையை மனதில் வைத்துக்கொண்டு, "துவக்கை என்னிடம் விட்டுப் போ. எனக்கும் அனுமதி இருக்கிறது, சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. புறாவையும் நானே கொண்டுபோகிறேன். இரவு என் அலுமாரியில் இருக்கட்டும். அவர்கள் போனபிறகு நாளைக்கு வந்து எடு. ஒருவருக்கும் தெரியவராது" என்றான்.

சுலபமான வழிதான். துவக்கைக் காரில் விட்டுவிட்டு உள்ளே போக முடியாது, அது குற்றம். வீட்டுக்குக் கொண்டுபோனால் அலுமாரியைத் திறந்தே ஆகவேண்டும். இங்கே விட்டுப் போனால் கைவீசிக்கொண்டு போகலாம், நடந்துவிட்டு வந்தேன் என்று கன்னத்துக் குளிரையும் காட்டலாம். கவிசாவின் கல்யாணம் கவிசாவுடையது. அதைத் தன் வீம்பால் கெடுக்க யோகத்துக்கு எண்ணமில்லை. துவக்கைத் துடைத்து உறைக்குள் போட்டுப் பட்டியை இறுக்கினாள். பதினொரு வருடம் நிலவறையில் இருந்துகொண்டு ஹோட்டலில் பெரிய பொறுப்பில் இருந்தவள். இனி சம்பந்தி வீட்டுக்கு முன்னால் முப்பது வருடம் நடக்கப் போகிறவளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மார்ச் மாதமும் நடக்கப் போகவேண்டும்.

"வேண்டாம்" என்றாள். "இது என்னுடைய துவக்கு. என் வீட்டில் இருக்கட்டும்."

*

வீட்டுக்குள் நுழைந்தபோது ஏழு மணி. முழங்கால்வரை சேறு, தோளில் உறை. புறாக்களை வாளியோடு பின்வாசலில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. மகாதேவி கம்பளத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, இன்னும் தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் தட்டு: வெற்றிலை, வாழைப்பழம், மஞ்சள், ஒரு சேலை. தட்டுக்குப் பின்னால், பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, நூற்றிருபது கிலோ இரும்பு. ஞானசுந்தரம் கதிரையில் பிளேன்ரீயோடு இருந்தார். டோர்ட்மண்டில் பஸ் ஓட்டுகிறவர், நெஞ்சு அகன்ற, அமைதியான மனிதர். குணசேகரம் யோகத்தின் தோளைப் பார்த்தார், உடனே சுவரைப் பார்த்தார்.

"வாரும் யோகம்" என்றார் மகாதேவி. "உம்மைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். நகையைப் பிள்ளையாருக்குப் போடுவம், திறவும்."

"நடக்கப் போனவ" என்றார் குணசேகரம், ஒருவரும் கேளாமலே.

கவிசா சமையலறை வாசலில் நின்று தாயைப் பார்த்தாள். யோகமும் மகளைப் பார்த்தாள். பிறகு போய்த் தட்டை இரண்டு கையாலும் எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். பிள்ளையார் படத்தை இறக்கி, "கொஞ்சம் பிடியுங்கோ அக்கா" என்று மகாதேவியின் மடியில் கொடுத்துவிட்டு, வேட்டியை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"எல்லாரும் அங்கால திரும்புங்கோ."

"ஏன்?" என்றார் மகாதேவி.

"நம்பரை வேற ஆக்கள் பாக்கக் கூடாது. சட்டம்."

டோர்ட்மண்டிலிருந்து வந்த இருவரும், குணசேகரமும், கவிசாவும் வரிசையாக யன்னல் பக்கம் திரும்பினார்கள். மகாதேவி பிள்ளையாரையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து திரும்பினார். ஆறு தரம் கிளிக் சத்தம் கேட்டது. கனமான கதவு திறந்தது.

"இனிப் பாக்கலாம்."

உள்ளே நகை இல்லை. தோட்டாப் பெட்டிகள் நாலு, எண்ணெய்த் துணி, துடைக்கிற கோல். யோகம் உறையைத் திறந்து, துவக்கை எடுத்து, மடித்து, குழல் இரண்டும் வெறுமை என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, உள்ளே நிமிர்த்தி வைத்துக் கதவைப் பூட்டினாள். எந்த நாளும் செய்கிற அதே ஒழுங்கில், அதே வேகத்தில் செய்தாள்.

"நான் நடக்கப் போகேல்லை அக்கா. புறா சுடப் போனனான். ஆறு வருசமாப் போறன். இது என்ர துவக்கு. அலுமாரியை மூடினது இவற்ற வேலை, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் விட்டிருக்கமாட்டன்."

மகாதேவி, படத்தைக் கீழே வைக்காமலே, குணசேகரத்தின் பக்கம் திரும்பினார்.

"நான் ஒரு மணித்தியாலம் துவக்குக்குத் தேவாரம் பாடியிருக்கிறன்."

குணசேகரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீர் கதையாதேயும் தம்பி! பிள்ளையாரைக் கொண்டுவந்து இதுக்குக் காவல் வைக்க உமக்கு எப்பிடி மனம் வந்தது? நகையாம், நகை!"

கதிரைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஞானசுந்தரம் பிளேன்ரீ புரையேறி இருமிக்கொண்டிருந்தார். இருமலா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். மகாதேவி பார்த்த பார்வையில் அது நின்றது.

"யோகம், நான் ஒண்டு கேக்கிறன். இந்த நாட்டில சாப்பிட ஒண்டும் கிடைக்கேல்லையே உமக்கு? என்னத்துக்கு இது?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

"என்னது?"

"பிடிச்சிருக்கு அக்கா. பின்னேரம் வயலில போய் இருக்கப் பிடிச்சிருக்கு. நேராச் சுடப் பிடிச்சிருக்கு. நான் சுட்டது கிடந்து துடிக்கிறேல்லை."

"எனக்குப் பிடிக்கேல்லை."

"உங்களுக்குப் பிடிக்கவேணும் எண்டு நான் கேக்கேல்லை. தெரியாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

மகாதேவி மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழு பத்து. "ராகு காலம் நடக்குது. ஏழே முக்கால் வரைக்கும் நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன்" என்று, பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த முப்பத்தைந்து நிமிடம் போல நீளமான நேரம் அந்த வீட்டில் அதற்கு முன் வந்ததில்லை. யோகம் சேற்றுக் காற்சட்டையை மாற்றிச் சேலை உடுத்துக்கொண்டு வந்து வடை சுட்டாள். குணசேகரம் வெளியே குப்பை வாளியைச் சரிபார்க்கப் போனார். கவிசா தாய்க்குப் பக்கத்தில் நின்று தட்டில் கடதாசி விரித்தாள். "கேட்டாத்தான் சொல்லுவன் எண்டனீங்கள்" என்று மெதுவாகச் சொன்னாள். "அவை கேக்கேல்லையே."

"திறவும் எண்டு கேட்டவ" என்றாள் யோகம். "எண்ணெய் தெறிக்கும், தள்ளி நில்."

ஞானசுந்தரம் எழுந்து பின்வாசலைப் பார்த்துவிட்டு வந்து, சமையலறை வாசலில் குரலைத் தாழ்த்தி, "எத்தினை தங்கச்சி?" என்றார்.

"என்ர ஏழு. பங்கு பிரிச்சுக் கொண்டுவந்தது."

"புறா நல்ல சூடு. மிளகு கூடப் போடவேணும்" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் போய் உட்கார்ந்தார்.

ஏழு நாற்பத்தாறுக்கு மகாதேவி எழுந்தார். எல்லோரும் அறைக்குள் வந்தார்கள்.

"நான் ஒளிச்சு வைச்சுக் கதைக்கமாட்டன்" என்றார். "பிள்ளை நல்ல பிள்ளை. தாரகனும் வேற கேக்கமாட்டான். எனக்கு இந்தச் சாமான் பிடிக்கேல்லை, பிடிக்கப் போறதும் இல்லை. எனக்குச் சமைக்கிற சட்டி வேறயா இருக்கவேணும்."

"எப்பவும் வேறதான் அக்கா. இண்டைக்குச் சமைச்சதும் அதிலதான்."

"சரி. இன்னுமொண்டு. டோர்ட்மண்டில இது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. கோயிலில நாலு பேர் கேட்டால், சம்பந்தி வீட்டில என்ன செய்யினம் எண்டால், நீர்..."

"கேட்டால் சொல்லுவன் மாமி."

சொன்னது யோகம் இல்லை. கவிசா. கையில் வடைத் தட்டு. "காலமை நான்தான் அம்மாவை ஒளிக்கச் சொன்னனான். அது பிழை. அம்மா மூண்டு தரம் சோதினை எழுதிப் பாஸ் பண்ணினவ. என்னட்டை ஆர் கேட்டாலும் சொல்லுவன்."

மகாதேவி அவளை உச்சியிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். அன்ரி மாமியானதைக் கவனித்தாரா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப உம்மட்டை ஆரும் கேளாமல் நான் பாக்கவேணும்" என்றார் கடைசியில். "வேலை கூடிப்போச்சு எனக்கு."

குனிந்து தட்டை எடுத்தார். யோகத்திடம் நீட்டுமுன் நிறுத்தினார்.

"கை கழுவினீரோ?"

"மூண்டு தரம்."

தட்டுக் கை மாறியது.

*

மறுநாள் திங்கட்கிழமை. பின்னேரம் மூன்றரைக்கு யோகம் துவக்கை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டாள். சீசன் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது, பட்டாணிக்கு அது தெரியாது. நாலு மணிக்குக் குணசேகரம் அவளுடைய கைத்தொலைபேசிக்கு அழைத்தார்.

"யோகம், அலுமாரியை மூடேக்க என்ர பட்டு வேட்டி கதவுக்குள்ள மாட்டியிருக்கு. இழுத்தால் கிழியும் போல கிடக்கு."

"ஓம். நேற்றே பாத்தனான்."

"அப்ப ஏன் எடுத்துவிடேல்லை? இப்பவும் திறந்துதானே துவக்கை எடுத்தனீர்?"

"எடுத்திட்டு, வேட்டியைத் திரும்ப அப்பிடியே வைச்சு மூடினனான்."

"அந்த நம்பரைச் சொன்னால் நானே எடுத்திடுவன்."

வயலின் மேல் வெளிச்சம் நன்றாக இருந்தது. பெல்லா வந்து அவள் சப்பாத்தில் நாடியை வைத்தது.

"ஏலாது. சட்டம்" என்றாள் யோகம். "பொழுதுபட்டாப்பிறகு வாறன். அதுவரைக்கும் அது அங்க தொங்கட்டும்."